கியர் பாக்ஸுக்குள் போன தோல்

அந்த நாற்றத்தை இன்று நினைத்தாலும் குமட்டுகிறது. யுத்த காலம். விழுப்புரத்தில் ஓர் அரிசி மில் முதலாளியிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிழட்டு வண்டி. கியர் பாக்ஸின் பின்பக்க ஆயில் சீல் தேய்ந்துபோய், எண்ணெய் ஒழுகி, அதை ஒட்டியிருந்த ஹேண்ட் பிரேக் டிரம்மை நனைத்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி பாட்டுக்கு உருளும். மதராஸில்கூட சீல் கிடைக்கவில்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதாம்.

முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. யோசனையா அது, கர்மம். மல்லாட்டைப் பிண்ணாக்கை, வேர்க்கடலைப் பிண்ணாக்குதான், இடித்து விளக்கெண்ணெயில் குழைத்து உள்ளே ஊற்றச் சொன்னார். கெட்டியாக இருந்தால் ஒழுகாதாம். நாலே நாளில் அது உள்ளேயே வெந்து புளித்துப்போயிற்று. அதை வடிக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அடித் திருகாணியைக் கழற்றினேன். கொழகொழவென்று என் கழுத்திலும் வாயிலும் வந்து விழுந்தது. சீ. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி என்னை வாசலிலேயே படுக்கச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிகளைச் சோதிக்கப் போவதாகத் தகவல் வந்தது.

"அவரு வண்டிய தள்ளிட்டாருன்னா நீ ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

வீட்டில் மூன்று பிள்ளைகள். எனக்கு வேறு வேலையும் தெரியாது.

காணைப் பக்கத்துச் சேரியில், கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலுக்குத் தோல் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் தைத்தால் சொட்டுத் தண்ணீர் கசியாது. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை வா, போ என்பேன். அவர் என்னைச் சாமி என்பார். வெட்கங்கெட்ட வழக்கம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.

சீலுக்குப் பதிலாகத் தோலில் ஒரு வளையம் செய்து வாங்கலாம் என்று அவரைக் கூட்டிவந்தேன். முதலாளி மில் வாசலிலேயே நிறுத்திவிட்டார். வண்டியில் சாமி படம் இருக்கிறது, அவன் கை படக் கூடாது, நீயே அளவெடுத்துக் கொடு என்றார். இதைச் சொன்னவரின் காலில் கிடந்தது தோல் செருப்பு. அதை யார் தைத்திருப்பார்கள் என்று நினைத்தாரோ.

நான் டிரம்மைக் கழற்றி, சீல் உட்காரும் தண்டைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நூலைக் கொண்டுபோய்த் தரையில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார்.

"நூலு இழுத்த இழுப்புக்கு வருதே சாமி. தொட்டுப் பாத்தாத்தானே தோலு எங்க உக்காரும்னு தெரியும்."

"முடிஞ்ச வரைக்கும் பண்ணு" என்றேன்.

பண்ணிக் கொடுத்தார். மாட்டி ஓட்டிப் பார்த்தேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பழையபடி ஒழுகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வர இரண்டே நாள் இருக்கும்போது முதலாளி ஒரு கல்யாணத்துக்காகக் கண்டமங்கலம் போனார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு காணைக்கு ஓடினேன். அவர் உடனே உளியும் தோலும் எடுத்துக்கொண்டு வந்து, நான் டிரம்மைக் கழற்றியதும் வண்டிக்கு அடியில் நுழைந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தண்டைச் சுற்றித் தடவினார்.

"இங்க ஒரு பக்கம் தேஞ்சி கீது சாமி. நூலுக்கு இது எப்பிடித் தெரியும்?"

அங்கேயே உட்கார்ந்து தோலைச் சீவி, எண்ணெயில் ஊறவைத்து, தானே அழுத்தி உட்காரவைத்தார். டிரம்மை நான் மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினேன்.

திண்டிவனத்தில் ஏரிக்கரை ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி அசையவில்லை. அவர் குனிந்து அடியில் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மில்லுக்குத் திரும்பியதும் முதலாளிக்கு வாயெல்லாம் பல். "யார்ரா இவ்ளோ சுத்தமா மாட்டுனது?"

நான்தான் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "காணையில இருந்து வந்தாரே, அவருதாங்க. அடியில படுத்து அவரே மாட்டுனாரு" என்றேன்.

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் காலையில் சாணியும் மஞ்சளும் கரைத்த தண்ணீர் இரண்டு குடம் வந்தது.

"அவன் கை பட்ட எடமெல்லாம் கழுவு. இஷ்டமில்லன்னா சாவிய வச்சிட்டுப் போய்க்கினே இரு."

"அப்ப உள்ள இருக்கிற தோலுங்க?"

"அத எதுக்குத் தொடற? நல்லாத்தானே கீது."

காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பவில்லை. குடத்தை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். டிரம்மின் மேல்மூடியை, சட்டத்தை, அவர் கையூன்றிப் படுத்திருந்த தரையைக்கூடக் கழுவினேன். திரும்பினால், மில் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. குடமும் சாணித் தண்ணீரும் அவர் கண்ணெதிரே கிடந்தன. அவருக்குத் தெரியாதா என்ன.

"ஒழுவுதா சாமி?" என்றார்.

"இல்ல" என்றேன். படுத்தபடியே சொன்னேன், வெளியே வரவில்லை.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். குடத்தில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. அதையும் ஊற்றிக் கழுவி முடித்தேன்.