சித்தி பெயர் மேல் ஒட்டிய பூ

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை. தன் பெயர் இருக்கிறதா, யாருக்கு மேலே இருக்கிறது, பின்னால் பட்டம் பதவி ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் பத்திரிகை விசிறியாகிவிடும். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்பார்கள், அந்த விசிறியால் விசிறிக்கொண்டே. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், ஏனென்றால் அந்த விசிறிகளை வரைந்தவள் நான்.

1991-இல் நான் மண்ணூர் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ட்ரேசராக இருந்தேன். இன்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தை ட்ரேசிங் பேப்பரில் மையால் இழுத்துக் கொடுப்பது வேலை. கோடு நேராக வரும், எழுத்து அச்சடித்த மாதிரி வரும். இது வெளியே தெரிந்ததுதான் தப்பு. லைனில் வேலை செய்கிறவர்கள், பஸ்ஸில் கூட வருகிறவர்கள், சொந்தக்காரர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் பத்திரிகை வரைந்து தரச் சொல்லி வந்தார்கள். நான் எழுத்து, பார்டர், பிள்ளையார் எல்லாவற்றையும் கையாலேயே வரைந்து தருவேன். அதைப் பட்டணத்துக்கு அனுப்பி உலோகத் தகட்டில் பிளாக் எடுத்து, ஸ்ரீபெரும்புதூர் பிரஸ்ஸில் அடித்து வாங்குவோம்.

வந்தவர்கள் கேட்டதையெல்லாம் இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். மெஷின் ஷாப்பில் ஒருவன் பிள்ளையாருக்குக் கீழே தன் லேத் மெஷினைப் போடச் சொன்னான். போட்டேன். மாப்பிள்ளை போட்டோவைவிட லேத் அழகாக வந்தது என்று பெண் வீட்டில் வருத்தப்பட்டார்கள். என் கூட வேலை செய்த கிறிஸ்தவத் தோழிக்குச் சிலுவையும் இரண்டு புறாவும் வரைந்தேன். பிரஸ்காரர் மையைத் தாராளமாக விட்டதில் புறா இரண்டும் கொழுத்த கோழியாகிவிட்டன. விருந்து மெனுவையும் கார்டிலேயே போட்டுட்டியா என்று அவள் அண்ணன் என்னைக் கேட்டான். சம்பளம் இல்லாத வேலைக்கு இந்தப் பேச்சு வேறு.

அந்த ஆவணியில் எங்கள் வீட்டிலேயே கல்யாணம் வந்தது. சித்தப்பா மகளுக்கு. சித்தப்பா இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. சித்தி எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்கி, ஷிப்டு ஷிப்டாகச் சோறு வடித்து, அந்தப் பெண்ணை ப்ளஸ் டூ படிக்க வைத்து, நகையும் சேர்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை வல்லக்கோட்டைப் பையன். அங்கே கோயில் மண்டபத்திலேயே தாலி, பந்தி எல்லாம். எல்லாம் பேசி முடித்ததும் என் தங்கச்சி, அதாவது அந்தக் கல்யாணப் பெண், நேரே என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, பூ போடு, மயில் போடு, இன்னா வேணா போட்டுக்கோ. எங்கப்பா பேரு பக்கத்துல எங்கம்மா பேரு வரணும். அவ்ளோதான்."

எங்கள் குடும்பத்துப் பத்திரிகையில் புருஷன் போனவள் பெயர் இருக்காது. பெண்ணின் பெரியப்பா பெரியம்மா பெயரில், அதாவது எங்கள் அப்பா அம்மா பெயரில், அழைப்பு போகும். இறந்தவரை மட்டும் '(லேட்)' என்று அடைப்புக்குறி போட்டு இன்னாருடைய மகள் என்று எழுதுவார்கள்.

"உங்க பெரியப்பா ஒத்துக்க மாட்டாருடி."

"செத்துப்போன அப்பாவுக்கு எடம் கீது. உசுரோட கீற அம்மாவுக்கு இல்லியா? எங்கம்மா பேரு இல்லாத கார்டை நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன்க்கா." இந்தக் கல்யாணத்தில் அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். மண்டபத்தைக் கேட்கவில்லை, புடவையைக் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நல்ல காரியத்துல அவ பேரு எதுக்கு? சமையல் பக்கம் நின்னு பாத்துக்கச் சொல்லு, அது போதும்" என்றார். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு பெயர்ப் படலம் தொடங்கியது. அப்பா ஒரு கோயில் திருப்பணிக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். அந்தக் குழு ஒரே ஒருமுறை கூடி, டீ குடித்து, கலைந்தது. ஆனாலும் 'திருப்பணிக் குழு முன்னாள் உறுப்பினர்' என்று தன் பெயருக்குக் கீழே வந்தாக வேண்டும் என்றார். சித்தியின் அண்ணன், தாய்மாமன் முறை, ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் உதவியாளர். அவருக்கு 'ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்' என்று போட வேண்டுமாம்.

"மாமா, நீங்க இன்சார்ஜ் இல்லையே?"

"இன்சார்ஜ் லீவுல பூட்டா நான்தானே பாத்துக்கறேன்? அன்னிக்கு யாரு இன்சார்ஜ்? நீயே சொல்லு."

போட்டேன். கூடப்பிறந்த தங்கையின் பெயர் கார்டில் இல்லையே என்று அந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. தன் பெயர் தடித்த எழுத்தில் வருமா, எங்கள் அப்பா பெயர் அளவுக்குப் பெரிசாக வருமா என்று ஸ்கேலை வாங்கி அளந்து பார்த்தார். இப்படி இருபத்தாறு பெயர்கள் சேர்ந்தன. மயிலுக்கு இடமில்லாமல் போய் அதன் தோகையை வெட்டினேன்.

அந்த நெரிசலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சித்தப்பா பெயரை எழுதி, ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் 'திருமதி' என்று ஆரம்பித்துச் சித்தி பெயரை எழுதினேன். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. மற்றப் பெயர்களின் அதே அளவு, அதே மை.

எங்கள் தொழிற்சாலையில் எந்தப் படமும் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்து விழாமல் வெளியே போகாது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். கார்டு படத்தை ஆபீஸ் அமோனியா மெஷினில் நாலு பிரதி எடுத்து, மூலையில் கட்டம் கட்டி, பெரிய மனிதர்கள் நாலு பேரிடம் கொடுத்தேன். பிரதி மூக்கைத் துளைக்கிற நாற்றம் அடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரல் வைத்துத் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, 'முன்னாள் உறுப்பினர்' என்பதை மட்டும் மூன்று தடவை வாசித்தார். "பேஷ்" என்றார்.

நானூறு கார்டு அச்சாகி வந்தது. மஞ்சள் அட்டை, சிவப்பு மை. நாள் பார்த்து, சாமி படத்தின் முன்னால் கட்டைப் பிரித்தார்கள். தங்கச்சி ஒரு கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு என் கையை அழுத்திப் பிடித்தாள். சித்தி அடுக்களை வாசலோடு நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. அத்தோடு முடிந்திருக்கும். தாய்மாமனுக்குத் தன் பெயரைக் காதால் கேட்க ஆசை வந்துவிட்டது. "நான் படிக்கறேன், எல்லாரும் கேளுங்க" என்று கார்டை வாங்கிக்கொண்டார்.

கண்ணால் பார்க்கிறவன் தாண்டிப் போகலாம். வாய்விட்டுப் படிக்கிறவன் எங்கே தாண்டுவது? கணீரென்று படித்துக்கொண்டே வந்தவர், சித்தப்பா பெயரைப் படித்தார், அதே மூச்சில் சித்தி பெயரையும் படித்தார். படித்த பிறகுதான் தான் என்ன படித்தோம் என்று அவருக்கே உறைத்தது.

"இன்னாடி இது?" அப்பா எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டு வச்ச?"

நான் உள்ளே போய் அமோனியா பிரதியை எடுத்து வந்து நீட்டினேன். "நீங்க பாத்துக் கையெழுத்து போட்டிருக்கீங்கப்பா. மாமாவும் போட்டிருக்காரு."

"நான் என் பேருக்குத்தான்டி கையெழுத்து போட்டேன்!"

பிரதிகளை அப்பா வெந்நீர் அடுப்பில் போட்டார். என் ட்ரேசிங்கையும் போட்டார். மறுநாள் பிரஸ்ஸுக்குப் போய் பிளாக்கை வாங்கி வந்து கிணற்றில் போட்டார். கார்டுகளையும் போட்டிருப்பார். ஆனால் முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, ஆவணி மாசத்தில் எந்தப் பிரஸ்காரரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆகவே அந்தப் பெயர் மேல் காகிதம் ஒட்டுவது என்று முடிவானது. தங்கச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள், "ஒட்டாதீங்க பெரியப்பா" என்று கெஞ்சினாள். கடைசியில் சித்தியே வாசல்படியிலிருந்து அப்பாவிடம் பேசினாள்.

"ஒட்டிடுங்க மாமா. எம்பேரு இன்னாத்துக்கு? பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடந்தா போதும்."

ஒட்ட யார் கிடைப்பார்கள்? கைவேலை சுத்தமாக வருபவள் நான்தானே. அதே மஞ்சள் அட்டையின் மிச்சத்திலிருந்து நானூறு துண்டு நறுக்கினேன். எழுதியவளே அழிக்க வேண்டும் என்றால் எவ்வளவு கேவலம் என்று மனசு கொதித்தது. ஆனால் பாருங்கள், இந்தப் பாழாய்ப்போன கைக்கு வேலை அசிங்கமாக இருக்கக் கூடாது. வெறும் மஞ்சள் துண்டு கண்ணை உறுத்துகிறதே என்று ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ஒரு குட்டிப் பூ வரைந்தேன். மைதா மாவைக் காய்ச்சி, மூலை பிசகாமல், ஒன்றுவிடாமல் ஒட்டினேன்.

அந்தப் பூதான் ஊரைக் கிளப்பிவிட்டது. நான் முதலில் எழுதியபடியே விட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஆள் அந்தப் பெயரைப் படித்திருக்கமாட்டான். இப்போது இறந்துபோன மனுஷன் பெயருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பூ நின்றதும் ஆளாளுக்கு நகம் பரபரத்தது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். எச்சில் தொட்டுச் சுரண்டினார்கள். ஒரு வீட்டில் இட்லிப் பானை ஆவியில் காட்டியே உரித்தார்களாம், எழுத்தில் பாதி பூவோடு வந்துவிட்டதாம். என் கூட பஸ்ஸில் வருகிறவள், "பூவுக்கு அடியில இன்னா கீதுன்னு எங்க மாமியா ரெண்டு நாளா தூங்கலக்கா" என்றாள். இருபத்தாறு பேர் சண்டை போட்டு இடம் பிடித்த கார்டில், ஊர் முழுக்கப் படித்தது ஒரே பெயரை. தாய்மாமன் இன்சார்ஜ் ஆன விஷயம் ஒருவருக்கும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று சித்தி சொன்னபடியே சமையல் பக்கம் நின்றாள். தாலி கட்டும்போது மேளச் சத்தம் கேட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பினாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமுமாக வந்து நான் அவள் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

சாப்பிட்டு எழுந்த பெண்கள் ஒவ்வொருத்தராக அங்கே வந்தார்கள். நாலைந்து பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சின்னவர் சம்சாரம் என்று கூப்பிடவில்லை, கேன்டீன்காரம்மா என்று கூப்பிடவில்லை. முழுப் பெயர். சித்தி திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அவள் பாட்டுக்கு அப்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் தோளைத் தொட்டதும்தான் திரும்பினாள்.

"என்னையா?" என்றாள். "வேற யாரையோ கூப்புடறாங்கன்னு இருந்துட்டேன்மா."

வந்தவர்களில் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தினி அழகான பேரை வச்சிக்கினு சொல்லவேயில்லையே நீ" என்றாள். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டி ஏறிப் போனார்கள். சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கண்ணு, பூ ஒட்டாத கார்டு ஒண்ணு வச்சிருப்பியே. எனக்குக் குடேன். பெட்டில வச்சிக்கறேன்."

"உரிச்ச கார்டு ஊரெல்லாம் கீதே சித்தி, வாங்கித் தரட்டுமா?"

"அது வேணாம்மா. எல்லாத்துலயும் சுரண்டி எம்பேரு கீறிக்கீது. நல்லதா ஒண்ணு."

நானூறையும் எண்ணி எண்ணி ஒட்டியவள் நான். ஒன்றை மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.