நாய் தின்ற கிறிஸ்துமஸ் கேக்

அம்மா செய்யும் கிறிஸ்துமஸ் கேக்கை மயிலாப்பூரிலேயே வாயாரப் புகழ்ந்தவர் எதிர்வீட்டு மாமி ஒருவர்தான். அப்பாகூட "அடி கொஞ்சம் கருகல்" என்று இழுப்பார். மாமியோ மறுநாளே தட்டைக் கழுவி, நாலு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்து, "பேஷா இருந்தது டீச்சர், ஒரு துண்டு மிச்சமில்லை" என்பார். அம்மாவுக்குத் தலைகால் புரியாது. மாமி புகழப் புகழ, வருஷா வருஷம் கேக்கும் பெரிதாகிக்கொண்டே போனது.

எழுபதுகளில் ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாமி தட்டில்லாமல் ஓடிவந்தார். கையில் அவருடைய பொமரேனியன் துவண்டு கிடந்தது. பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு அதுதான் பிள்ளை. "விடியற்காலைலேர்ந்து வாந்தி டீச்சர். ஆத்துல அவரும் இல்லை. பயமா இருக்கு" என்றார்.

மாமியும் அம்மாவும் நானும் நாயோடு ரிக்‌ஷாவில் ஏறினோம். "இன்னாம்மா, கண்ணு சொருகிக்கினு கீது?" என்று ரிக்‌ஷாக்காரர் கேட்டதும் மாமி அழவே ஆரம்பித்துவிட்டார்.

மந்தைவெளி மாட்டு டாக்டர் நாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"என்ன கொடுத்தீங்க?"

"தயிர்சாதம்தான்" என்றார் மாமி.

"தயிர்சாதத்துக்கு வயிறு இப்படி உப்பாது. உள்ளதைச் சொன்னாத்தான் காப்பாத்த முடியும்."

மாமி அம்மாவைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். "கேக். முழுசும். வருஷா வருஷம் இதுதான் சாப்பிடறது. நாங்க முட்டை தொடமாட்டோம்."

அம்மா முகம் போன போக்கில் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் நாயின் வாயை முகர்ந்துவிட்டு, "கேக்ல என்ன போட்டீங்க?" என்று அம்மாவிடம் திரும்பினார்.

"திராட்சை, முந்திரி, எசன்ஸ்..."

"எசன்ஸா?"

ஊரில் மதுவிலக்கு. பட்டாளத்துச் சித்தப்பா கொண்டுவந்த ரம்மில் ஒரு மாதம் ஊறிய திராட்சை அது. வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. நாயின் கால்கள் வெட்டி இழுத்தன. "ரம்" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

ஊசியும் மருந்தும் போய், ஒருவழியாக நாய் தலையைத் தூக்கியது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரம்மா! நல்லவேளை டீச்சர், நான் சாப்பிடலை."

அதன்பிறகு ஒரு வருஷம் முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கே கஷ்டமாக இருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அம்மா முட்டையும் ரம்மும் இல்லாமல் சின்னதாக ஒரு கேக் செய்தாள். அதை அனுப்பாமல், மாமியை வீட்டுக்கே அழைத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். மாமி ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

"ரப்பர் மாதிரி இருக்கு டீச்சர்."

அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.