ஆற்றுக்கு அடியால் ஒரு வழி

லண்டனில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகப் பத்து வழி இருந்தால், அதில் ஆகக் குளிரானது எதுவோ, ஆகச் சுற்றுவழி எதுவோ, அதைத்தான் பெரியப்பா பிடிப்பார். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. ஒரு தை மாதம் முழுக்க அவரோடு அலைந்து, மூக்கும் காதும் விறைத்துச் சொல்கிறேன்.

அப்பாவின் அண்ணன் அவர். அந்தக் குளிர்காலத்தில் கிளிநொச்சியிலிருந்து ஈஸ்ட் ஹாமில் இருந்த எங்கள் வீட்டுக்கு விசிட்டராக வந்திருந்தார். அப்பாவுக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட், அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். ஆகவே பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் அவருக்கு ஊர் காட்டும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது. எனக்குப் பதினொரு வயது. வீட்டில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். ‘வாயுள்ள பிள்ளை எங்கேயும் பிழைக்கும்’ என்று சொல்லித்தான் அம்மா அவரை என்னிடம் ஒப்படைத்தாள்.

முதல் நாளே எல்லாம் பிழையாகிப் போயிற்று. ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறினோம். திறந்தவெளியில் ஓடும்வரை பெரியப்பா வீட்டுப் பின்வளவுகளையும் அங்கே காயாமல் தொங்கிய உடுப்புகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். ரயில் சரிந்து நிலத்துக்கடியில் புகுந்ததும் எழுந்து போய்க் கதவோடு ஒட்டி நின்றுவிட்டார். அடுத்த நிலையத்தில் இறங்கி, படியேறித் தெருவுக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தார்.

“எனக்கு மேலாலை போனாக் காணும், பிள்ளை.”

“மேலாலை போனா ரெண்டு மணித்தியாலம் பிடிக்கும், பெரியப்பா!”

“பிடிக்கட்டும்.”

அம்மாவிடம் முறையிட்டேன். “அவருக்கு அது ஒத்துவராது. நீ வாயைக் காட்டாமல் பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போ” என்றதோடு அவள் கதையை முடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பஸ். மழைக்குள் நின்று பஸ், காற்றுக்குள் நின்று பஸ், வராத பஸ், வந்தும் நிற்காத பஸ். அப்பாவின் பழைய ஜக்கெட்டுக்குள் இரண்டு சுவெற்றர், தலையில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குத் தொப்பி. இந்தக் கோலத்தில் விறுவிறென்று மேல்தட்டுக்கு ஏறி, முன் இருக்கையில் அமர்ந்து, பக்கத்து இருக்கையில் தன் கைலேஞ்சியை விரித்துவிடுவார். ஊர் பஸ்ஸில் இடம் பிடிக்கிற வழக்கம். மேல்தட்டில் ஒரு குருவி இல்லாவிட்டாலும் எனக்கு இடம் பிடித்தாக வேண்டும். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதில் உட்காரப் போக, “மை டோட்டர், கமிங்!” என்று கத்தினார். எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது.

“நான் டோட்டர் இல்லை, நீஸ். தம்பியின்ரை மகளை நீஸ் எண்டு சொல்லுங்கோ.”

“ஓம் ஓம்” என்றார். அடுத்த பஸ்ஸிலும் அதே டோட்டர்தான்.

பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் வருகிற சனிக்கிழமை பின்னேரம் என் சிநேகிதியின் பிறந்தநாள். எல்லோரும் ஐஸில் சறுக்கப் போகிறார்கள். அதுவரை நான் ஐஸில் கால் வைத்ததில்லை. காலையில் பெரியப்பாவை, தேம்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லூயிஷாம் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்தால் நானும் போகலாம் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

ரயிலில் போனால் சுருக்காகப் போய்வரலாம். கடைசியாக மாறி ஏறும் ரயிலுக்கு ஓட்டுநரே இல்லை, முன்னுக்கு இருந்து நாங்களே ஓட்டுவது போல் போகலாம் என்று ஆசைகாட்டிப் பார்த்தேன்.

“அது ஆத்தை எப்பிடிக் கடக்குது?”

“கொஞ்ச நேரம் கீழாலை.”

“அப்ப வேண்டாம்.”

ஆகவே பஸ்ஸில் தேம்ஸ் கரைக்குப் போய், வாகனங்களை ஏற்றி இறக்கும் பெரிய படகில் வுல்விச்சுக்குக் கடந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிப்பதாகத் தீர்மானமாயிற்று. படகு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “எங்கடை ஊர்ப் பாதை மாதிரி” என்றார். வள்ளங்களை இணைத்துப் பலகை போட்டு மனிதரையும் வாகனங்களையும் கடத்துவதை அங்கே பாதை என்பார்களாம்.

கரைக்குப் போனால் ஆற்றையே காணவில்லை. அப்படியொரு பனிமூட்டம். படகு கட்டிக் கிடந்தது. மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர், பனி கலைந்தால்தான் ஓடும் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த வட்டமான செங்கல் கட்டடத்தைக் கைகாட்டினார். அதற்குள் இறங்கினால் ஆற்றுக்கு அடியால் நடந்தே அக்கரை போகலாம்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த மனிதர் செத்தாலும் அதற்குள் இறங்கமாட்டார், வீட்டுக்குத் திரும்பலாம்.

“கோயில் எத்தினை மணிக்குப் பூட்டுவினம்?”

“மத்தியானம் பூட்டிடுவினம். இன்னொரு நாளைக்கு வருவம், பெரியப்பா.”

“இண்டைக்குத்தான் நட்சத்திரம்” என்றார். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். படியில் இறங்கத் தொடங்கினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவேண்டாம். இத்தனை நாள் என்னைக் குளிரில் காயப்போட்டுவிட்டு இன்றைக்குக் கீழால் போகிறாராம்! இனி இவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வாயை இறுக்கிக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே வெள்ளை ஓடு பதித்த நீண்ட குழாய். கூரை தாழ்வு, ஆங்காங்கே ஈரம் கசிந்தது. முன்னால் போனவர் சட்டென்று நின்று திரும்பினார். என்னைக் கண்டதும் மறுபடி நடந்தார். திரும்பவும் நின்றார்.

“கதை, பிள்ளை.”

நான் கதைக்கவில்லை.

“ஏன் கதைக்கிறாய் இல்லை? கதை!”

“எனக்கு உங்களோடை கோவம்.”

“அப்ப ஏசு. என்னை ஏசிக்கொண்டு வா. நிப்பாட்டாதை.”

இப்படியொரு உத்தரவு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. நான் விடுவேனா? குரங்குத் தொப்பியில் தொடங்கினேன். கைலேஞ்சி, டோட்டர், நிற்காத பஸ், என் விறைத்த கால், என் சிநேகிதி, காணப்போகாத ஐஸ் என்று ஒன்றையும் விடவில்லை. குகை முழுக்க என் குரல் அடித்துத் திரும்பியது. சைக்கிளை உருட்டிக்கொண்டு எதிரே வந்தவர் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். பெரியப்பா திரும்பாமல் நடந்தார். ஒவ்வொரு ஏச்சுக்கும் “ஓம் பிள்ளை… ஓம்” என்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவர் காலும் நின்றது.

அக்கரையில் மேலேறியதும் படியில் குந்திவிட்டார். அந்தக் குளிரிலும் கழுத்தெல்லாம் வியர்வை.

கோயில் பூட்டுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெரியப்பா ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். யாரோ ஊரில் இருக்கிற பிள்ளையாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐஸுக்குப் பிந்தித்தான் போனேன். கேக் மட்டும் கிடைத்தது.

மாலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “ஏசிக்கொண்டு வரட்டாம், அம்மா!” என்று அவரைப் போலவே சொல்லிக் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், அடுப்பை நிறுத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பல வருடம் கழித்து அவளே சொன்னாள். ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களில், வாரக்கணக்காக நிலத்துக்கடியில் பங்கருக்குள் கிடந்துவிட்டு, ஓரிருட்டில் சனத்தோடு சனமாகப் பெரியப்பா தண்ணீருக்குள் இறங்கிக் கடந்திருக்கிறார். சத்தம் போடாமல் பின்னால் வா என்று மகளிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்திருக்கிறார். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யார் யாரோ வந்தார்கள். அவள் வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தையிலும் அவள் பிறந்த நட்சத்திரத்தில் அர்ச்சனை.

“அவள் உன்னை மாதிரி வாய்க்காரி இல்லை” என்றாள் அம்மா. “சொல்லுக் கேக்கிற பிள்ளை.”