தேங்காய்ப்பூ அடுக்கு

புட்டுக் குழலைக் கோலால் தள்ளியபோதுதான் அது மண்டையில் பளிச்சென்று பட்டது. தட்டில் சாய்ந்த புட்டு, தேங்காய்ப்பூ தடித்திருந்த இடத்தில் சரியாக முறிந்து, மேல்பாதி அப்படியே வழுக்கிப் போனது.

தெற்கு ஜெர்மனியின் அல்கொய் மலையில், நாமே சமைத்துக்கொள்ளும் ஒரு குடில். மூன்று நாள் பனிப்புயல் அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. டார்ம்ஸ்டாட்டிலிருந்து குழலையும் மாவையும் முதுகுப்பையில் சுமந்து வந்தவன் நான். தேங்காயை அள்ளிப் போடச் சொன்னவன் என் அறைத்தோழன், திருச்சிக்காரன்.

"டேய், பசிக்குதுடா. புட்டுல என்ன ஆராய்ச்சி?"

"இஞ்ச பார் மச்சான். மா இறுகி நிக்குது, தேங்காய்ப்பூ ஒட்டேல்லை. மேல பாரம் கூடினா அதிலதான் வழுக்கும். காலமை ரேடியோவில சொன்ன பனிச்சரிவு இதுதான்!"

அவன் முகம் விழுந்துவிட்டது. படிப்பு முடிந்து, திங்கட்கிழமை ஊருக்கு விமானம். இரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்தும் ஒரு மலையுச்சியில்கூட நின்றதில்லை. இன்று சனி. எதிரே, நீல வானத்தின் கீழ், அவன் ஆசைப்பட்ட சிகரம் பளபளத்தது.

"அபாயம் லெவல் த்ரீதானே சொன்னாங்க? அஞ்சுக்கு மூணு."

"இது பாஸ் மார்க் இல்லையடா."

தர்க்கம் தீரவில்லை. பனியைத் தோண்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. குடிலுக்குப் பக்கத்தில், மரங்களுக்கு இடையே, சிகரத்துச் சரிவு பார்த்த அதே திசையைப் பார்த்து ஒரு சின்ன மேடு. அதில் பனி அள்ளும் தட்டை மண்வெட்டியால் குழி வெட்டி, பனியில் ஒரு தூணைத் தனியே பிரித்தோம். மேலே காற்று அடித்து இறுக்கிய புதுப்பனி, பலகை மாதிரி. கீழே கெட்டியான பழைய பனி. நடுவே விரல் தடிப்பில் ஓர் அடுக்கு. தொட்டால் சீனியாக உதிர்ந்தது.

தூணின் தலையில் மண்வெட்டியை வைத்து, அதன்மேல் அவன் மண்டியிட்டுக் கையால் மெல்லத் தட்டினான். ஐந்தாம் தட்டில் மேல்கட்டி முழுவதும் வழுக்கி வந்து அவன் மடியில் உட்கார்ந்தது. அவனும் பனியில் உட்கார்ந்துவிட்டான். 

"புட்டேதான்டா!" என்று கத்தினான்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. இன்னும் மூன்று இடத்தில் தோண்டினோம்; மண்வெட்டியை அவன் என்னிடம் தரவேயில்லை. எல்லா இடத்திலும் அதே சீனி அடுக்கு. சிகரத்தை அவனே விட்டுவிட்டான்.

திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் அவன் குரல் தணிந்தது. "அப்ப உச்சியே பாக்காம ஊருக்குப் போறேனா?"

ஆறிய புட்டைத் தள்ளிவைத்து வரைபடத்தை விரித்தேன். குடிலுக்குப் பின்னால் காட்டு வழியே ஒரு மலைமுதுகு ஏறியது. எங்குமே செங்குத்து இல்லை, மேலே தொங்கும் சரிவும் இல்லை. முடிவில் உருண்டையாக ஒரு குன்று. சிகரத்தில் பாதி உயரம்.

"அங்க உச்சிச் சிலுவை இருக்கா? இந்த ஊர்ல உச்சின்னா சிலுவை நட்டிருப்பாங்களே."

"ஓம், படத்தில போட்டிருக்கு."

"அப்ப அது உச்சிதான்!"

நாளைக் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. வழியில் இரண்டு இடத்திலாவது தோண்ட வேண்டும் என்பது என் நிபந்தனை. சிலுவையடியில் சாப்பிடப் புட்டு வேண்டும், தேங்காய் இன்னும் தடிப்பாக, என்பது அவனுடையது.