பெரியம்மா வைத்துவிட்டுப் போன மயில்

சென்ற திங்கட்கிழமை, திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு பத்தர் எங்கள் வீட்டு மயிலைப் புறா என்று சொல்லிவிட்டார்!

பொன் மயில். பெருமுக்கலில் இருந்த என் பெரியம்மா சென்ற ஆண்டு திடீரென்று காலமானார். பிள்ளையில்லாத அவருடைய நகைப்பெட்டி எங்களிடம் வந்தது. அதன் அடியில், துணியில் முடிந்து கிடந்தது இது. கட்டைவிரல் நகத்தளவு; சிறகு விரித்த பறவை. பெரியம்மாவோ கிருத்திகை தவறாமல் மயிலம் முருகன் மலையேறியவர். அவருடைய பெட்டியில் இருக்கும் பறவை வேறு என்னவாக இருக்கமுடியும்? மயில்தான் என்று என் மனைவி செங்கமலம் தீர்மானித்தாள். நான் ஒருபடி மேலே போய், தோகையில் கண்கள்கூடத் தெரிகின்றன என்று சாட்சி சொன்னேன்.

எங்கள் பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயமானால் அதை மயிலம் உண்டியலில் சேர்ப்பதாக வேண்டுதல். நிச்சயமாயிற்று. மறுநாள் கிருத்திகை. போடுமுன் மெருகேற்றலாமே என்றுதான் பத்தரிடம் போனோம்.

"மயிலா? யாருங்க சொன்னது? புறாங்க இது," என்றார் பத்தர். "பின்னாடி பாருங்க, சிலுவை தேஞ்சி கெடக்குது. வேதக்கோயில்காரங்க தாலிங்க, ஐயா. இத உண்டியல்ல போட்டுட்டா, எந்தப் பொம்பள கழுத்தோ மூளியாவே நிக்கும்."

செங்கமலம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆரோக்கியம்!" என்றாள்.

ஆரோக்கியம் பெரியம்மாவின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது கடலைக்காட்டில், களையெடுத்தவள். இப்போது கணவர் அந்தோணியோடு விழுப்புரம் ஜங்ஷன் அருகே குடியிருக்கிறாள். பெரியம்மாவின் சாவுக்கு வந்தவள், தெருவிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள்.

"அன்னைக்கு அவ கழுத்துல வெறும் மஞ்சத்துண்டுதாங்க கட்டிக்கினு இருந்தா..." என்றாள் என் மனைவி.

வேண்டுதல் என்னாவது என்று கேட்டேன்.

"முருகரு பொறுத்துப்பாரு. நான் வேண்டிக்கினது மயிலு. இது புறாவாச்சே!"

மறுநாள் விழுப்புரத்துக்கு ரயிலேறினோம்.

உள்ளங்கையில் வைத்ததும் ஆரோக்கியம் அலறிவிட்டாள். "யம்மா... என் பொறா!"

கணவர் கள்ளுக்காக அடகு வைத்துவிடுவார் என்று பயந்து, தானே கழற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்து வைத்தாளாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" என்றாள் செங்கமலம்.

"சாவு வூட்டு வாசல்ல நின்னுக்கினு தாலிய கேப்பாங்களாம்மா? கேட்டாத்தான் யாரு நம்புவாங்க?"

நாங்கள் இருவரும் தலை குனிந்தோம்.

அந்தோணி அவள் பக்கம் திரும்பினார். "அடிப்பாவி! கெணத்துல வுழுந்துடுச்சின்னு சொன்னியேடி! மூணு தபா முழுகித் தேடினேனே!"

"மூணாந்தபா முழுகி எழுந்தப்பதான்யா ஒனக்குக் கள்ளே தெளிஞ்சிது!"

கூடியிருந்த அக்கம்பக்கத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கள்ளை அவர் அடியோடு விட்டு ஆறு மாதமாகிறது என்றும் அவர்களே சாட்சி சொன்னார்கள். என் சாட்சியைவிட அது நம்பத் தகுந்ததாக இருந்தது.

அந்தோணி புது மஞ்சள் கயிற்றில் புறாவைக் கோத்தார். முதல் முடிச்சைப் போட்டார். பிறகு விழித்தார்.

"மத்த ரெண்டு முடிச்சி நாத்தனாருல்ல போடணும்? எனக்குக் கூடப்பொறந்தவ யாரும் இல்லியே..."

"நவுருங்க," என்று செங்கமலம் முன்னே வந்தாள். இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள்.

மனைவி நாத்தனார் என்றால் நான் யார்? அந்த யோசனை எனக்கு வரவில்லை, அந்தோணிக்கு வந்தது. அதுவரை 'ஐயா' என்று நாலடி தள்ளி நின்றே பேசியவர், எங்கள் ரயில் நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் கூடவே ஓடிவந்து கூவினார்:

"கண்ணாலத்துக்குச் சொல்லியனுப்புங்க, மச்சான்!"

ரயில் பெட்டியே திரும்பி என்னைப் பார்த்தது. பார்க்கட்டுமே... தாய்மாமன் இல்லாமல் ஒரு கலியாணமா?