கூடையில் போட்ட முடிச்சு

கடலூரில் மலை என்றால் கேப்பர் மலைதான். செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, ஜெயில், பஸ் போகிற தார் ரோடு. முதுநகரிலேயே வளர்ந்த எனக்கே அதில் ஏற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அங்கே ஒரு அறக்கட்டளை ஞாயிறு தோறும் மலையேறப் பயிற்சி கொடுக்கிறது என்று சிதம்பரத்திலிருந்து அக்கா போனில் சொன்னபோது சிரித்துவிட்டேன்.

"நீ சிரி. நான் பர்வத மலை ஏறப் போறேன். நீயும் வர்ற."

ஏன் ஏறுகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, மருந்தெல்லாம் ஏற்றி, ஒருவழியாக இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா உடனே வேண்டுதலைத் தீர்க்கக் கிளம்பிவிட்டாள். அவளுக்கு பிரஷர் ஜாஸ்தி, முட்டிவலி வேறு. கோயிலைச் சுற்றி நாலு வீதி நடந்தாலே மூச்சு வாங்கும். எனக்காக ஏறப்போய் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கூடப் போனேன். மற்றபடி எனக்கு மலையும் வேண்டாம், வேண்டுதலும் வேண்டாம்.

அதற்குள் அவள் வெள்ளித் தகடும் வாங்கி வைத்திருந்தாள். கை, கால், கண் என்று உருவம் அடித்து விற்பார்களே, அதில் மார்பு.

"இதப் போயி கடையில கேட்டு வாங்கினியா?" என்று கத்தினேன்.

"கடைக்காரரு ஒண்ணும் சொல்லல. நீதான் கத்துற."

கேப்பர் மலையில் பயிற்சியை நடத்தியது ரிட்டயர்டு நர்சம்மா ஒருவர். ஏறச் சொல்லித் தருவார் என்று பார்த்தால் முழுக்க இறங்கத்தான் சொல்லித் தந்தார். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக. ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் மாட்டினார். எந்த இடத்தோடு திரும்பிவிடுவோம் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். நான் பர்வத மலையின் கடப்பாரைப் பாறையைச் சொன்னேன். பாறையில் கடப்பாரைகளை நட்டுச் சங்கிலி கட்டியிருப்பார்கள், அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அதற்குக் கீழேயே நின்றுகொள்வதாகச் சொன்னேன்.

ஒரே குடும்பத்துக்காரர்களைச் சேர்ந்து ஏற விடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். எனக்கு எதையும் கேட்காவிட்டால் தூக்கம் வராது.

"சொந்தக்காரங்கதாம்மா இழுத்துக்கிட்டுப் போறது. இவ்ளோ தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தான்னு சொல்லியே ஆளக் கவுத்துடுவாங்க."

பர்வத மலைக்குப் போன அன்று, விடியற்காலையில் அடிவாரத்தில் வேனை விட்டு இறங்கியதும் ஒரு கூடையை நீட்டினார்கள். அவரவர் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து அதில் போட வேண்டும். கலைத்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். யாருடையது யாரிடம் என்று தெரியாது. நடுவில் முடியாமல் போனால் கையிலிருப்பதை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம். வேண்டுதல் எப்படியும் மேலே போய்விடும். அதனால் யாரும் உயிரைப் பணயம் வைத்து ஏற மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

"எல்லாருமே திரும்பிட்டா?" என்றேன்.

"எங்க ஆளு ஒருத்தரு மேலயே இருப்பாரு. வந்து வாங்கிட்டுப் போவாரு."

நல்ல ஏற்பாடுதான் என்று மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தகடு ஞாபகம் வந்தது. முன்பின் தெரியாத எவரோ அதைப் பிரித்துப் பார்க்கப் போகிறார். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. அதற்குள் கூடை காலி, என் கையிலும் யாருடையதோ ஒரு முடிச்சு.

அக்கா முதல் குழுவில் போய்விட்டாள். நான் படிகளைக் கடந்து, கற்பாதையில் உட்கார்ந்து எழுந்து, கடப்பாரைப் பாறைக்கு வந்தபோது அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது. நர்சம்மா நாடி பார்த்துவிட்டு இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மஞ்சள் முடிச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையவில்லை.

"என்னுதுன்னா போனாப் போவுதுன்னு எறங்கிடுவேன். இது அடுத்தவங்களுது. கைநீட்டி வாங்கிட்டு, நடுவழியில இன்னொருத்தர் தலையில கட்டுறதா?"

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் என் அக்கா மாதிரி ஒருத்தியை யோசிக்கவில்லை. அவளுக்கு மூச்சு இழுத்தது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்காக வேண்டிக்கிட்டு என்னையே அநாதையா வுட்டுட்டுப் போவப் பாக்குறியா? ஒன்ன வுட்டா எனக்கு யாருக்கா இருக்காங்க?"

அக்கா முடிச்சை என் பக்கம் நீட்டினாள்.

"அப்ப நீ கொண்டு போ. ஒங் கையிலன்னா குடுக்கறேன்."

அண்ணாந்து சங்கிலியைப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை இன்னும் முழுசாக மேலே போகாது. முடியாது என்று சொன்னால் அவள் எழுந்து ஏறிவிடுவாள். முடிச்சை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அறக்கட்டளை ஆட்கள் மேலே ஒருவர், கீழே ஒருவராக நின்று, எங்கே கால் வைப்பது என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார்கள். நான் சங்கிலியைப் பிடித்த பிறகுதான் அக்கா இறங்க எழுந்தாள்.

மேலே கோயிலில் அவரவர் கையாலேயே பூஜை செய்யலாம். எனக்கு முன்னால், எங்களோடு வேனில் வந்த காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரர், பெரிய மீசை, முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தத் தகடு. சட்டென்று தூண் மறைவுக்குப் போய்விட்டேன். அவர் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி முன்னால் வைத்து, குங்குமம் இட்டு, வாய்விட்டே சொன்னார்.

"யாரு வூட்டுப் பொண்ணோ, நூறு வருசம் நல்லா இருக்கணும் சாமி."

ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அழாதவள் அங்கே தேம்பித் தேம்பி அழுதேன்.

"இன்னாம்மா, முடியலயா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். என்னிடமிருந்த இரண்டு முடிச்சுகளையும் பிரித்து, யாருக்கோ என்னவோ நல்லபடி நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அடிவாரத்தில் அக்கா மோர் குடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அந்த முடிச்சு சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"நம்பளுது?"

"அதுவும்."

"யாரு கொண்டுட்டுப் போனாங்க, பாத்தியா?"

பின்னால் கை காட்டினேன். மீசைக்காரர் கேப்பர் மலையில் படித்தபடியே பக்கவாட்டில், ஒவ்வொரு காலாக, கடைசிப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். அக்கா டம்ளரைக் கீழே வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். எதற்கென்று தெரியாமலே அவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேன் பக்கம் போனார்.