படியில் நின்று ஜெயித்த மேட்சுகள்

போன ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. எங்கள் வீட்டு டிவியில் பௌலர் இன்னும் பந்தை பேன்ட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மேல் வீட்டில் சிக்ஸருக்குக் கத்திவிட்டார்கள். இது என்ன அநியாயம், சொல்லுங்கள். அவர்களுக்குக் கேபிள், எனக்கு இன்டர்நெட். இன்டர்நெட்டில் கொஞ்சம் தாமதமாகத்தான் வருமாம். எதிர் வீட்டுக்காரர் போனில் பார்க்கிறார், அவர் எனக்கும் பின்னால். ஆக ஒரே சிக்ஸரை எங்கள் மாடம்பாக்கம் ஃபிளாட்டில் மூன்று தடவை அடிக்கிறார்கள். எழுந்தேன், உட்கார்ந்தேன், ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன். மேட்ச் நடக்கும்போது எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. அதற்கு நான் பொறுப்பில்லை, வளர்த்த விதம் அப்படி.

விஷயம் என்னவென்றால், நான் பார்த்தால் விக்கெட் விழும்.

சிரிக்காதீர்கள். இதைக் கண்டுபிடித்தவர் என் அப்பா, அவர் கணக்கு வாத்தியார். காசைச் சுண்டும்போது பத்து தடவை பூ விழுந்திருந்தாலும் அடுத்த தடவைக்கும் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். அந்த மனிதர் ஒருநாள், நான் பஜ்ஜித் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் ஒரு விக்கெட், தண்ணீர் எடுக்கப் போனதும் ஒரு ஃபோர், திரும்பி வந்து உட்கார்ந்ததும் இன்னொரு விக்கெட் என்று பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ கொஞ்சம் வெளிய நில்லேன்."

அவ்வளவுதான், என் தலையெழுத்து தீர்மானமாகிவிட்டது.

அப்போது தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருந்தோம். மாடியில் நாங்கள். கீழே சலீம் அண்ணன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனை படி முழுக்க ஏறி நிற்கும். இன்றைக்கும் எங்கேயாவது புதுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தால் எனக்கு ஸ்கோர் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. பெரிய மேட்ச் என்றால் அண்ணன் கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு, அக்கம்பக்கத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கும் ஒரு விதி இருந்தது, இடது காலை ஸ்டூல் மேலிருந்து இறக்கக் கூடாது. கால் மரத்துப்போய் ஆட்டம் முடிந்ததும் நொண்டிக்கொண்டே இறங்குவார். ஆனால் அவர் உள்ளே. நான் வெளியே. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு லெக் பை என்றால் என்னவென்று தெரியாத கூட்டம் அது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"இன்னா பாப்பா, சார் தொரத்திட்டாரா? நீ படியில நின்னாதான் நம்மாளு கிரீஸ்ல நிப்பான். கோச்சுக்காத" என்று சமாதானம் வேறு.

அம்மா ஒருத்திதான் எனக்காகப் பேசினாள். "வயசுக்கு வந்த பொண்ண வாசல்ல நிறுத்திட்டு அப்படியென்ன ஆட்டம் வேண்டிக் கிடக்கு?" அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு ஓவர்தாம்மா" என்றார். அந்த ஓவர் மேட்ச் முடியும்வரை முடியாது.

படியில் நின்று நின்று எனக்குக் காது நன்றாகப் பழகிவிட்டது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் கத்தும், ஒரே நேரத்தில் "ச்ச" என்று ஓயும். ஃபோர் என்றால் சட்டென்று முடிந்துவிடும் சத்தம். சிக்ஸர் என்றால் பந்து மேலே போகும்போதே ஆரம்பித்துக் கீழே விழும்வரை நீளும். விக்கெட் விழுந்தால் தெருவில் குக்கர் விசில்கூடத் தெளிவாகக் கேட்கும். எல்லாம் தெரியும், கண்ணால் பார்த்ததுதான் இல்லை. ஒரே ஒரு கடைசிப் பந்தையாவது, அது விழுகிற நேரத்தில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று அப்படி ஒரு வெறி. நகை வேண்டும், புடவை வேண்டும் என்றெல்லாம் நான் அழுததே கிடையாது, இதற்குத்தான் அழுதிருக்கிறேன்.

ஒரு இறுதிப் போட்டியில் கடைசிப் பந்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், செங்கல்பட்டுப் பக்கமிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் தடதடவென்று வந்துவிட்டது. தெரு கத்தியதா, ஓய்ந்ததா, ஒன்றும் தெரியவில்லை. ரயில் போனபின்னும் காதில் அந்தத் தடதடப்புதான், வேறொன்றும் கேட்கவில்லை. போச்சுடா என்று படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். கதவு திறந்தது. அப்பா வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "எதுக்கு அழற? ஜெயிச்சாச்சு. வா, உள்ள வா." உள்ளே போனால் எனக்கு ராஜ மரியாதை. நட்டநடுவில் நாற்காலி, கையில் கலர் சோடா. "பாப்பாவாலதான் சார் இந்தக் கப்பு" என்று சலீம் அண்ணன் மரத்த காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். ரீப்ளே பார்த்தேன். ஜெயித்தது தெரிந்தபிறகு பார்ப்பதும் ஒரு பார்வையா? ஆனாலும் அப்பா வந்து கூப்பிட்டாரே, அது பிடித்திருந்தது. ஜெயித்த ஒவ்வொரு தடவையும் அவர்தான் வருவார், வேறு யாரையும் அனுப்ப மாட்டார்.

தோற்ற அன்றைக்கு விசாரணை நடக்கும். யார் எழுந்தது, யார் "இனிமே நம்ம கப்புதான்" என்று முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தது. ஒருமுறை நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேனா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். சத்தியமாக இல்லை.

வருஷங்கள் ஓடி, அம்மா போனபின் அப்பா மாடம்பாக்கத்துக்கு என்னோடு வந்துவிட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. கட்டிலை ஹாலிலேயே டிவிக்கு நேராகப் போட்டுவைத்தேன். அந்த வருஷமும் நம் ஆட்கள் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். கடைசி ஓவர் வந்ததும் நான் வழக்கம்போல எழுந்து கதவுப் பக்கம் போனேன்.

"எங்க போற?"

"வெளியதான்பா."

"வேணாம். வந்து உக்காரு."

"தோத்துடுவோம்பா."

"தோத்தா தோக்கட்டும். நீ ஒரு தடவகூடப் பாத்ததில்லையே."

அது அவருக்கு இத்தனை வருஷமும் ஞாபகம் இருந்திருக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பந்து வரைக்கும் போனது. முழுசாகப் பார்த்தேன், தோற்றோம்.

உடனே போன். சலீம் அண்ணன்.

"பாப்பா, உண்மைய சொல்லு. இன்னிக்கு உள்ள உக்காந்துகினியா?"

நான் திருதிருவென்று முழித்தேன். அப்பா போனை வாங்கி, "நான்தான்பா உக்காரச் சொன்னேன்" என்றார். "சரி வுடு சார், அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். அப்பாவும் அதையேதான் என்னிடம் சொன்னார். அடுத்த இறுதிப் போட்டி வரும்போது அப்பா இல்லை. அடுத்த மழைக்குள் சலீம் அண்ணனும் இல்லை. அந்த மாடி வீட்டை இடித்து ஏதோ கட்டிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கடைசி ஓவர். வீட்டில் நான் மட்டும். சோபா இருக்கிறது, பெரிய டிவி இருக்கிறது, போய் வெளியே நில் என்று சொல்ல யாருமில்லை. நிம்மதியாகப் பார்த்திருக்கலாம். கால் கேட்டால்தானே? கதவைத் திறந்துகொண்டு போய்ப் படியில் நின்றேன்.

மேல் வீட்டில் முதலில் கத்தினார்கள். சிக்ஸர் மாதிரி நீண்ட சத்தம், ஓயவே இல்லை. கொஞ்சம் பொறுத்து என் வீட்டு டிவி கத்தியது. அதற்கும் அப்புறம் எதிர் வீடு. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. தெரிந்தும் நகராமல் நின்றேன்.

மேல் வீட்டுப் பெண் ஸ்வீட் பாக்ஸோடு இறங்கி வந்தவள் என்னைப் பார்த்துத் திகைத்தாள். "என்ன ஆன்ட்டி, வெளிய நிக்கிறீங்க? சாவி உள்ள மாட்டிக்கிச்சா?"

"இல்லம்மா, கதவு திறந்துதான் இருக்கு" என்றேன்.

ஒரு லட்டை எடுத்துக்கொண்டேன். அவள் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், யாராவது வந்து கூப்பிடட்டும் என்று.